பதினாறு ஆம்பியர்

அழைப்பில் இப்படித்தான் எழுதியிருந்தேன்:
கணினி கொண்டு வாருங்கள்,
நீளமான மின்கம்பி ஒன்று,
கொஞ்சம் பொறுமை.
மூன்றாவதை மட்டும்
பாதிப் பேர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

வால்கா நகரம். ஜனவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தின் மாடியை
ஓர் இரவுக்கு இரவல் வாங்கியிருந்தேன்.
கீழே சிவப்பு வண்டி, ஈரக் குழாய்களின் ரப்பர் வாசனை.
மேலே பத்துப் பேர்,
சுவரில் ஒரே ஒரு ஃபியூஸ்.

எல்லையைத் தாண்டி
(தெருவைத் தாண்டி என்பதே சரி)
லாத்வியாவிலிருந்து இந்துலிஸ் வந்தான்,
பனிச்சறுக்கு வண்டியில் கணினியை வைத்துக் கட்டி,
மேலே போர்வை சுற்றி இழுத்துக்கொண்டு.
"குளிரிலிருந்து வந்தது, உள்ளே வேர்க்கும்.
இரண்டு மணி நேரம் தொடக்கூடாது."
இரண்டு மணி நேரமும்
அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

கட்டித் தருவதை வாங்கி நிறுவினால் இருபது நிமிடம்.
தெரியும்.
தாவெத்தை இறக்கிவிட வந்த அவன் மனைவி
அதைத்தான் கேட்டுவிட்டுப் போனாள்.
மாவு கடையில் கிடைக்கிறதே, ஏன் அரைக்கிறீர்கள்
என்பது போன்ற கேள்வி.
யாரும் பதில் சொல்லவில்லை.
எனக்கு ஒன்று தோன்றியது:
என் பொருளுக்குள் இருப்பதெல்லாம்
ஒரு தடவையாவது
என் கண்முன் வரிவரியாய் ஓட வேண்டும்,
புரியாவிட்டாலும்.

மால்லெ தவறான வட்டை அழித்தாள்.
கல்யாணப் படங்கள் மொத்தமும்.
நாங்கள் மூச்சை அடக்கினோம்.
"பரவாயில்லை, விவாகரத்து முடிந்து மூன்று வருஷம்"
என்று சொல்லிவிட்டு
கெட்டிலைப் போட்டாள்.

அத்தனையும் இருண்டது.

மடிக்கணினிகள் மட்டும்
எதுவும் நடக்காததுபோல் எழுதிக்கொண்டே போயின.
நீல ஒளியில் ஒன்பது தாடைகள்.
இந்துலிஸின் மூலையிலிருந்து ஒரு லாத்வியச் சொல்.
மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

கை தூக்கி ஓட்டெடுத்தோம்:
ஹீட்டரா, கெட்டிலா, கணினிகளா.
கோட்டுகளை மாட்டிக்கொண்டோம்.
விசிறி ஊதும் பக்கம் விரல்களை நீட்டி,
யார் எந்த நிரலைத் தொகுக்கிறார்கள் என்பதை
சூட்டை வைத்தே சொல்லப் பழகினோம்.
உலாவியைத் தொகுப்பவர் பக்கம் இடம் பிடிக்கச் சண்டை.

ஹெல்வே பால் லாரி ஓட்டுபவள்.
ஐந்து மணிக்கு அவளுக்கு வேலை.
பதின்மூன்று வயது மடிக்கணினி, ஒடிந்த கீலுக்கு டேப்.
கெர்னல் கேட்ட ஆயிரம் கேள்விகளுக்கு
இது வேண்டுமா, வேண்டாம்,
அது வேண்டுமா, வேண்டாம் என்று
லாரி கணக்கில் ஓட்டி முடித்தாள்.
நாலு இருபதுக்கு முதல் தொடக்கம்.
வட்டையே காணவில்லை என்றது திரை.
குனிந்து வாசித்தாள். சிரித்தாள்.
"நான் வேண்டாம் என்று சொன்னதை
வாழ்க்கையில் முதல் தடவையாக
ஒன்று அப்படியே கேட்டிருக்கிறது."

திருத்திவிட்டு மறுபடி தொகுக்கப் பதினொரு நிமிடம்.
அவளிடம் இருந்தது ஆறு.
லாரிச் சாவி மேசையில்.

யார் தொடங்கியது என்று நினைவில்லை.
ஒருவர் தன் ஓட்டத்தை நிறுத்தினார்,
அடுத்தவர் நிறுத்தினார்.
விசிறிகள் ஒவ்வொன்றாய் அடங்கின.
அப்படி ஓர் அமைதியை அந்த அறை
அந்த இரவில் கேட்டதேயில்லை.
மால்லெ மேசைக்கடியில் தவழ்ந்து கம்பிகளைச் சேர்த்தாள்.
ஹெல்வேயின் வேலை துண்டு துண்டாய்ப் பிரிந்து
எங்கள் ஒன்பது கணினிகளுக்கும் வந்தது.
விசிறிகள் ஒரே மூச்சில் மறுபடி எழுந்தன.
ஃபியூஸை யாரும் பார்க்கவில்லை.

நாலு நிமிடம்.
கறுப்புத் திரை, பெயர் கேட்கும் ஒரு வரி.
ஹெல்வே பெயரைத் தட்டினாள்,
சற்றுப் பார்த்தாள்,
அணைத்தாள்,
டேப்பை அழுத்தி மூடினாள், கிளம்பினாள்.
படியில் அவள் பூட்ஸ் சத்தம்,
பிறகு லாரி முக்கி முனகும் சத்தம்.

ஒன்பது மணிக்குப் போர்வையை மடிக்கும்போதுதான் பார்த்தேன்:
என்னுடையதைத் தொடரச் சொல்ல
மறந்திருக்கிறேன்.
நிறுத்திய அதே வரியில் நிற்கிறது.
கெட்டிலைப் போட்டேன்.